கொழும்பிலிருந்து போன திருப்பூர் பனியன்: சரக்குத் தரவில் பிழை பிடிக்கும் வழிமுறை

அமெரிக்காவில் யார் யார் பனியன் இறக்குமதி செய்கிறார்கள் என்று அறிய, திருப்பூரில் சில நிறுவனங்கள் கப்பல் சரக்குத் தரவுக்குச் சந்தா கட்டுகின்றன. முதல் வாரம் கொண்டாட்டமாக இருக்கும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எத்தனை அட்டைப்பெட்டி, எந்தக் கப்பல் என்று எல்லாம் எக்செல் கோப்பில் வரிசையாக நிற்கும். இரண்டாம் வாரம் யாராவது ஒருவர் சொந்த நிறுவனத்தின் பெயரைத் தட்டிப் பார்ப்பார். போன ஆண்டு 40 கண்டெய்னர் அனுப்பியிருப்பார்கள். தரவில் 11 இருக்கும். அதிலும் நாலு, இலங்கையிலிருந்து போனதாகக் காட்டும். அன்று மாலை எனக்குத் தொலைபேசி வரும்: “காசு கொடுத்து வாங்கியது எல்லாம் பொய்யா?”

பொய் என்று சொல்ல மாட்டேன். வேறு யாரோ கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை நாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்கிறோம், அவ்வளவுதான். கேட்டவர் அமெரிக்கச் சுங்கத்துறை. 2001 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்கா போகும் கப்பலில் பெட்டியை ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அதில் என்ன இருக்கிறது என்று மின்வழியில் அறிவிக்க வேண்டும் என விதி வந்தது. 2003 பிப்ரவரியிலிருந்து அது கண்டிப்பாக அமலாகிறது. இப்படி அறிவிக்கப்படும் சரக்குப் பட்டியல்தான் மேனிஃபெஸ்ட். அதன் ஒரு பகுதியைச் சுங்கத்துறை வெளியிடுகிறது; தரவு வணிகர்கள் வாங்கித் துடைத்து, அடுக்கி, நமக்கு விற்கிறார்கள். அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை எல்லாம் பாதுகாப்புக் கேள்விக்கான பதில்கள். வரி கட்டும்போது கொடுக்கும் விலையும் வரிக் குறியீடும் வேறு ஆவணத்தில் இருக்கின்றன. அது வெளியே வருவதில்லை. உற்பத்தியாளர் பெயரையும் உற்பத்தி நாட்டையும் கேட்கும் இன்னொரு படிவம் 2009 முதல் இருக்கிறது, அதுவும் ரகசியம்.

ஆகவே கோப்பில் எந்தக் கட்டம் விசித்திரமாகத் தெரிந்தாலும், அதை யார், எந்த ஊரில், எதற்காக நிரப்பினார் என்று முதலில் கேளுங்கள். பாதிப் பிழை அங்கேயே விளங்கிவிடும். மீதிக்கு, போன ஆண்டு நீங்கள் அனுப்பிய 10 சரக்குகளின் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான கப்பல் ரசீது) நகல்களை மேசையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மை தெரிந்த 10 வரிகளில் தரவு எப்படிப் பிசகுகிறது என்று பார்க்காமல், தெரியாத 10,000 வரிகளை நம்புவது வீண் வேலை.

அறிகுறி: அனுப்பிய சரக்கே தரவில் இல்லை

விமானத்தில் போனதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கா வெளியிடுவது கடல்வழிப் பட்டியல் மட்டுமே. விமானம், லாரி, ரயில் எதுவும் இதில் வராது. தாமதமான ஆர்டரை கடைசி நேரத்தில் விமானத்தில் ஏற்றி அனுப்பியது ஏற்றுமதியாளரின் இதயத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும், மேனிஃபெஸ்டில் பதிந்திருக்காது.

அடுத்து, எங்கே இறங்கியது? கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அல்லது மான்ட்ரியலில் இறங்கி ரயிலில் சிகாகோ, டெட்ராய்ட் போகும் சரக்கு கப்பல் பட்டியலில் தெரியாது. சீனச் சரக்குக்கு இதே வேலையை வான்கூவரும் பிரின்ஸ் ரூபர்ட்டும் செய்கின்றன. மத்திய மேற்கு மாநிலங்களில் கிடங்கு வைத்திருக்கும் இறக்குமதியாளர் தரவில் சின்ன ஆளாகத் தெரிந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால், பெயரைக் கொண்டு தேடுவதை நிறுத்திவிட்டு எண்ணைக் கொண்டு தேடுங்கள். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஃபார்வர்டர், அதாவது சரக்கை அனுப்பித்தரும் இடைநிலை நிறுவனம், உங்களுக்குக் கொடுத்த ரசீதான ஹவுஸ் பில். தரவில் அந்த எண்ணுக்கு முன்னால் நிறுவனத்தைக் குறிக்கும் 4 எழுத்துகள் ஒட்டியிருக்கலாம். கோடுகள், சாய்கோடுகள் உதிர்ந்திருக்கலாம். அதுவும் கிடைக்கவில்லையா? கண்டெய்னர் எண்ணைப் போடுங்கள். 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிடப்படும் சோதனை இலக்கம். தட்டச்சுப் பிழை இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இந்த முழுத் தரவிலும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கட்டம் அநேகமாக இது ஒன்றுதான். அதனால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

எண்ணைப் போட்டதும் வரி வந்துவிட்டது, ஆனால் பெறுபவர் பெயர் காலியாக இருக்கிறது என்றால், காரணம் ரகசியக் கோரிக்கை. எந்த அமெரிக்க இறக்குமதியாளரும் தன் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம் என்று சுங்கத்துறையிடம் கேட்கலாம். தனக்குச் சரக்கு அனுப்புபவர்களின் பெயரையும் மறைக்கச் சொல்லலாம். அனுமதி 2 ஆண்டு நிற்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பெயரை எப்படியெல்லாம் எழுதுவார்களோ அத்தனை வடிவங்களையும் விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும் என்பதில்தான் வேடிக்கை. கொடுக்காத வடிவம் மறையாது. எங்கோ ஒரு ஃபார்வர்டர் அலுவலகத்தில் ஒரு எழுத்தைத் தவறவிட்ட குமாஸ்தாவின் புண்ணியத்தில், ஆயிரம் வரிகளில் ஒளிந்திருக்கும் பெரிய பெயர் ஒரே ஒரு வரியில் தலைகாட்டும். அந்த ஒரு வரியை வைத்து அந்த நிறுவனம் ஆண்டுக்கு ஒரு பெட்டிதான் வாங்குகிறது என்று முடிவு கட்டினால், அது நம் தவறு.

அறிகுறி: பெறுபவர் இடத்தில் பனியனே விற்காத ஒருவர் இருக்கிறார்

வங்கியின் பெயர் இருந்தால், அல்லது ‘ஆர்டருக்கு’ என்று மட்டும் இருந்தால், அது கடன் கடிதம் (வாங்குபவர் சார்பில் வங்கி தரும் பணப் பொறுப்பு) மூலம் நடந்த வியாபாரமாக இருக்கலாம். பணம் கட்டி ஆவணத்தை வாங்கும் வரை இறக்குமதியாளர் சரக்கை எடுக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். ‘தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற கட்டத்துக்குப் போங்கள். உண்மையான இறக்குமதியாளர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் அங்கே அவருடைய சுங்கத் தரகர் இருப்பார்.

லாஜிஸ்டிக்ஸ் என்றோ ஃபார்வர்டிங் என்றோ முடியும் பெயர் இருந்தால் நீங்கள் பார்ப்பது மாஸ்டர் பில். கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குக் கொடுத்த ரசீது அது. அதில் அனுப்புபவரும் ஃபார்வர்டர், பெறுபவரும் ஃபார்வர்டரின் அமெரிக்க அலுவலகம். நானே ஒருமுறை இந்த வித்தியாசம் தெரியாமல், ஆண்டுக்கு 300 கண்டெய்னர் ஆடை எடுக்கும் ஒரு ‘பையர்’ கிடைத்துவிட்டார் என்று துணி மாதிரிகளோடு 3 மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர் பொறுமையாகப் பதில் போட்டார்: “ஐயா, நாங்கள் கிடங்கு வாடகைக்கு விடுகிறோம்.”

அறிகுறி: திருப்பூர் சரக்கு இலங்கையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்ததாகக் காட்டுகிறது

இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான்.

தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபீடர் எனும் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. அமெரிக்கச் சுங்கத்துறைக்குத் தெரிய வேண்டியது, அமெரிக்கா நோக்கி வரும் கப்பலில் பெட்டி எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்பது. ஆகவே ‘ஏற்றிய துறைமுகம்’ என்ற கட்டத்தில் கொழும்பு என்று எழுதுவது முற்றிலும் சரி. பிழை அதற்குப் பிறகு நடக்கிறது. தரவு வணிகர் அந்தத் துறைமுகத்தின் நாட்டை எடுத்து, ‘உற்பத்தி நாடு’ என்று தலைப்பிட்ட புதிய கட்டத்தில் போட்டுவிடுகிறார். தூத்துக்குடிப் பெட்டி இலங்கைப் பெட்டி ஆகிவிடுகிறது. மலேசியச் சரக்கு சிங்கப்பூர்ச் சரக்கு ஆவதும் இதே வழியில்தான்.

திருத்த மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ‘சரக்கு ஒப்படைத்த இடம்’. இது கையால் நிரப்பும் கட்டம். தூத்துக்குடியின் பழைய ஆங்கிலப் பெயரும் இருக்கும், புதிய எழுத்துக்கூட்டலும் இருக்கும். திருப்பூரை ஒரு ‘பி’ போட்டும் எழுதுவார்கள், இரண்டு போட்டும் எழுதுவார்கள். எல்லா வடிவங்களையும் தேடல் பட்டியலில் சேருங்கள். இரண்டாவது, அனுப்புபவர் முகவரி. அஞ்சல் குறியீடு 6 இலக்கமாக, 641இல் தொடங்கினால் அது கோவை–திருப்பூர் வட்டாரம். இலங்கை அஞ்சல் குறியீட்டுக்கு 5 இலக்கம்தான். மூன்றாவது, சரக்கு விவரத்துக்குள் புதைந்திருக்கும் இந்திய ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) எண். சில ஃபார்வர்டர்கள் பழக்கதோஷத்தில் அதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். நமக்கு அது வரப்பிரசாதம்.

இலங்கை என்று இருப்பதையெல்லாம் இந்தியா என்று மாற்றிவிடாதீர்கள். இந்தியத் துணி இலங்கைக்குப் போய் அங்கே முழுவதும் தைக்கப்பட்டால், அமெரிக்க ஆடை விதிப்படி அது இலங்கைச் சரக்கே. அனுப்புபவர் முகவரியும் இலங்கையில் இருந்தால் வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: கூட்டினால் இருமடங்கு வருகிறது

ஒரே சரக்குக்கு மாஸ்டர் பில் ஒரு வரி, ஹவுஸ் பில் ஒரு வரி. இரண்டையும் கூட்டினால் ஒரு பெட்டி இரண்டாகும். பில் வகை என்ற கட்டம் இருந்தால், ஹவுஸ் வரிகளை வைத்துக்கொண்டு, அவை சுட்டும் மாஸ்டர் வரிகளை நீக்குங்கள். ஹவுஸ் வரி எதுவும் சுட்டாத மாஸ்டரை நீக்கக் கூடாது. அது ஃபார்வர்டர் இல்லாமல் நேரடியாகப் போன சரக்காக இருக்கலாம்.

இன்னொரு வகை, ஒரு பெட்டியைப் பலர் பங்கிட்டுக்கொள்வது. 12 ஏற்றுமதியாளர்களின் சின்னச் சின்ன சரக்குகள் ஒரே கண்டெய்னரில் போகும். ஒவ்வொரு வரியிலும் கண்டெய்னர் எண்ணிக்கை 1 என்று இருக்கும். கூட்டினால் 12. கண்டெய்னர் எண்ணையும் கப்பல் வந்த நாளையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, தனித்தனிச் சாவிகளை எண்ணுங்கள். நாளைச் சேர்ப்பது முக்கியம்; அதே பெட்டி சில மாதம் கழித்து வேறு சரக்கோடு மறுபடி வரும்.

தனியார் தரவில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பருக்கு இந்தியாவின் தங்க இறக்குமதி 1,486 கோடி டாலர் என்று வணிக அமைச்சகம் அறிவித்தது. அந்த மாத வர்த்தகப் பற்றாக்குறை இதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. சில வாரங்களில் எண் 984 கோடி டாலராகத் திருத்தப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் தரவு சுங்கத்துறையின் கணினிக்கு மாறிய காலத்தில், ஒரே தங்கம் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. 500 கோடி டாலர் தங்கமே இரட்டையாகத் தெரியும்போது, நம் பனியன் எம்மாத்திரம்? அரசுப் புள்ளிவிவரத்தைப் பதிவிறக்கும்போது கோப்பின் பெயரில் அன்றைய தேதியையும் சேர்த்து வையுங்கள். முதல் வெளியீடு தற்காலிகமானது. ஆறு மாதம் கழித்து இறக்கினால் எண் மாறியிருக்கும்.

அறிகுறி: ஒரு பனியன் விலை 40 டாலர், அல்லது 4 காசு

அமெரிக்க மேனிஃபெஸ்ட் தரவில் விலை என்று ஒரு கட்டம் இருந்தால், அது தரவு வணிகரின் மதிப்பீடு. எடையை எடுத்து, அதே குறியீட்டுச் சரக்கின் சராசரி விலையால் பெருக்கிப் போட்டிருப்பார்கள். அதை வைத்து எதிராளியின் விலையைக் கண்டுபிடித்துவிட்டதாக முதலாளியிடம் போய் நிற்காதீர்கள்.

எண்ணிக்கைக் கட்டத்தில் இருப்பது அட்டைப்பெட்டிகள். 450 என்று இருந்தால் 450 பெட்டி. உள்ளே 20,000 பனியன் இருக்கலாம். எடை, பெட்டி அட்டையும் சேர்ந்த மொத்த எடை.

அரசுப் புள்ளிவிவரத்தில் விலை உண்மையானது. அலகு காலை வாரும். பருத்தி டி-ஷர்ட்டுக்குக் குறியீடு 6109.10. இந்தியா இதை எண்ணிக்கையில் பதிகிறது, அமெரிக்கா டஜனில் பதிகிறது. இரண்டு நாட்டுத் தரவையும் அருகருகே வைத்து ஒரு துண்டின் விலையை ஒப்பிட்டால் ஏறக்குறைய 12 மடங்கு வித்தியாசம் வரும். வித்தியாசம் 12ஐ ஒட்டி இருந்தால் மோசடி என்று கூவுவதற்கு முன் அலகைப் பாருங்கள். 1,000ஐ ஒட்டி இருந்தால் கிலோவும் டன்னும் மாறியிருக்கின்றன.

அறிகுறி: ஒரு பொருள் திடீரென்று பூஜ்யமாகிவிட்டது

எச்.எஸ். எனும் பன்னாட்டுச் சரக்குக் குறியீட்டில் முதல் 6 இலக்கம் உலகம் முழுவதற்கும் பொது. அதற்கு மேல் இந்தியா 8 வரை போகிறது, அமெரிக்கா 10 வரை. முதல் 6 மட்டுமே நாடுகளுக்கிடையே ஒப்பிடத் தக்கது. அந்த 6 இலக்கமும் சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. 2012, 2017, 2022 என்று. ஸ்மார்ட்போன்களுக்கு 2022 பதிப்பில்தான் 8517.13 என்ற தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் எல்லாக் கைபேசிகளும் 8517.12. பழைய எண்ணை மட்டும் பின்தொடர்ந்தவருக்கு, உலகம் 2022இல் கைபேசி வாங்குவதை நிறுத்திவிட்டதாகத் தோன்றும். எல்லா நாடும் ஒரே நாளில் மாறுவதும் இல்லை. அமெரிக்கா அந்த ஆண்டு ஜனவரி 27இல்தான் மாறியது.

மேனிஃபெஸ்டில் உள்ள குறியீட்டை நான் நம்புவதே இல்லை. சரக்கு விவரம் தெளிவாக இருந்தால் குறியீடு கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். தரவு வணிகரின் மென்பொருள் விவரத்தைப் படித்து ஊகித்துப் போடுகிறது. ‘ஆண்கள் பின்னலாடை 60 பருத்தி 40 பாலியெஸ்டர்’ என்பதை அது டி-ஷர்ட்டுக்கான 6109இலும் போடும், ஸ்வெட்டர் வகைக்கான 6110இலும் போடும். விவரக் கட்டத்தில் சொல்லால் தேடுவதே மேல்.

அறிகுறி: இந்தியா சொல்வதும் அமெரிக்கா சொல்வதும் ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். ஏற்றுமதி கப்பல் ஏறும் வரையிலான விலையில் பதிவாகிறது. இறக்குமதி, பல நாடுகளில், கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து. இந்த வித்தியாசத்துக்குப் பன்னாட்டு நிதியம் நீண்ட காலம் 10 சதவீதம் என்று கணக்கு வைத்திருந்தது. பிறகு 6 ஆகக் குறைத்தது. அமெரிக்கா இரண்டு விலையையும் வெளியிடுகிறது. இந்திய ஏற்றுமதியோடு ஒப்பிட, கட்டணம் சேராத சுங்க மதிப்பை எடுங்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இறக்குமதியைக் கட்டணம் சேர்க்காமல்தான் பதிகின்றன. அவற்றுக்கும் 6 சதவீதம் கழித்துக்கொண்டிருக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் நடுவில் இருப்பவரைத் தேடுங்கள். திருப்பூர்க்காரர் ஹாங்காங் முகவருக்கு 3 டாலருக்கு விற்கிறார். முகவர் அமெரிக்கருக்கு 4 டாலருக்கு விற்கிறார். சரக்கு நேராக அமெரிக்கா போகிறது. இந்தியக் கணக்கில் 3, அமெரிக்கக் கணக்கில் 4. இருவருமே உண்மை பேசுகிறார்கள். அமெரிக்க இறக்குமதியாளர் தகுந்த ஆவணம் காட்டி, முதல் விற்பனை விலையான 3க்கே வரி கட்டவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது எண் ஒத்துப்போகும், காரணம் வேறாக இருக்கும்.

நாடே மாறிவிடுவதும் உண்டு. ஜாம்பியாவின் செப்பு ஏற்றுமதியில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துக்குப் போவதாக ஜாம்பியக் கணக்கு காட்டிவந்தது. வாங்கும் வணிக நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன; செம்பு அந்த நாட்டுப் பக்கம் போவதே இல்லை. சுவிஸ் கணக்கில் அந்த இறக்குமதி எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

காலத்தையும் கணக்கில் எடுங்கள். மார்ச்சில் தூத்துக்குடியை விட்ட சரக்கு அமெரிக்காவில் மே மாதக் கணக்கில் வரலாம். 2023 டிசம்பரிலிருந்து செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களுக்கு அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை சேர ஏறக்குறைய 2 வாரம் கூடியது. 2024 தொடக்கத்து மாதங்களில் பள்ளம் தெரிந்தால், ஆர்டர் குறைந்ததா கப்பல் சுற்றியதா என்று பாருங்கள். மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாமல் மூன்று மாதக் கூட்டலாக ஒப்பிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

அறிகுறி: இந்திய ஏற்றுமதியாளர் பெயரும் விலையும் அப்படியே கிடைக்கின்றன

இது மற்றவற்றைப் போன்றது அல்ல. 2022இல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, அல்லது ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் விவரங்களை அவர்கள் அனுமதியின்றி வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசின் வெளியீடுகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே, இந்தியச் சுங்கத்தின் வரி வரியான தரவு பெயரோடும் விலையோடும் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கப் பக்கத்துப் பட்டியலைத் திருப்பிப் போட்டு ‘இந்திய ஏற்றுமதித் தரவு’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் விலை ஊகம், ஐரோப்பாவுக்குப் போனது எதுவும் இல்லை. பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: பெரிய இறக்குமதியாளர் ஒரே மாதத்தில் மறைந்துவிட்டார்

பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியதா என்று முதலில் பாருங்கள். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொண்டு தேடினால் தெரிந்துவிடும். பிறகு, அவருக்கு வழக்கமாக வரும் துறைமுகத்தில், வழக்கமான கப்பல் வரிசையில், பெயர் காலியான வரிகள் அதே மாதத்தில் கூடியிருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இறக்குமதியாளர் மறைந்த அளவுக்குக் காலி வரிகள் கூடியிருந்தால் ரகசிய அனுமதி வாங்கியிருக்கிறார் என்றே கொள்ளலாம்.

எங்கள் பக்கத்து நிறுவனம் ஒன்றின் பெரிய இறக்குமதியாளர் இப்படித்தான் ஒருநாள் தரவிலிருந்து காணாமல் போனார். அந்த நிறுவனத்தின் கையை விட்டு ஆர்டர் போய்விட்டது என்று இங்கே சிலர் உறுதியாக நம்பி, அந்த இறக்குமதியாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பினார்கள். கிடைக்கப்போகும் ஆர்டருக்காக ஒருவர் புதிய தையல் வரிசையே போட்டுவிட்டார். 2 ஆண்டு கழித்து, யாரோ புதுப்பிக்க மறந்ததாலோ என்னவோ, அந்தப் பெயர் சில வாரங்களுக்குத் தரவில் மறுபடி தெரிந்தது. அனுப்புபவர் கட்டத்தில் அதே பக்கத்து நிறுவனம் இருந்தது, முன்னைவிட அதிகப் பெட்டிகளோடு.